கடைமடைக்கு வந்து சேராத வசனம்



மஞ்சள் வெட்டி, வேகவச்சு, களத்துல காயப் போட்டாச்சு. இனி கொஞ்ச நாளைக்குக் காவல் வேலைதான். அதனால இந்தப் பதிவுல விவசாயம் கொஞ்சமாவும் சினிமா நிறையவும் இருக்கும்.

எங்க ஊர்ல அறுபதைத் தாண்டினவங்க யாரைக் கேட்டாலும் இப்ப ஒரே பேச்சு. "இப்ப வர்ற படத்துல என்ன பேசறானுங்கன்னே வெளங்க மாட்டேங்குது, காது போயிருச்சாட்ட இருக்குது." இதைச் சொல்றவங்க யாருன்னு பாக்கணும். நாலு காடு தள்ளி மாடு கத்தினா, அது யார் வீட்டு மாடுன்னு சொல்லிருவாங்க. சந்தையில அத்தனை இரைச்சலுக்கு நடுவுல நின்னு விலை பேசுவாங்க. டிவியில பழைய சிவாஜி படம் ஓடினா, அடுப்படியில இருந்தே அடுத்த வசனத்தை முந்திச் சொல்லுவாங்க. புதுப்படம் போட்டா மட்டும் காது போயிடுதாம்.

பட்டணத்துல இருக்கற நண்பர்களும் இதையேதான் சொல்றீங்க. சண்டை வந்தா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்கறது, பேச்சு வந்தா ஏத்தறதுன்னு ரெண்டரை மணி நேரமும் கட்டை விரலுக்கு ஓய்வில்லை. தமிழ்ப் படத்துக்கே கீழ ஆங்கில எழுத்தைப் போட்டுப் பாக்கறோம்னு வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னவங்க உண்டு.

நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல, கடைமடைப் பக்கம் வெள்ளாமை பண்றவன். அந்த வாய்க்கால் நீளம் சுமார் 200 கிலோமீட்டர். நம்ம மடைக்குத் தண்ணி வரலைன்னா எங்க அப்பா சொல்லிக்குடுத்த முதல் பாடம்: வயலைத் திட்டாதே, கரையில மேல ஏறி நடந்து போய்ப் பாரு. எங்க மதகு அடைபட்டிருக்குது, எங்க கசியுது, எவன் குழாய் போட்டு உறிஞ்சறான்னு அப்பத்தான் தெரியும். வசனத்துக்கும் அந்த மாதிரிதான் மேல நடந்து பாத்திருக்கேன். நூறு வருசத்துக்கு மேல நடக்கணும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

பேசாத படத்துக்குப் பேச ஆள் வச்ச காலம்

தமிழ்நாட்டுல ஊர் ஊராப் போய்ப் படம் காட்டினவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வே உத்தியோகத்துல இருந்தவர். 1905-ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டற கருவியை வாங்கி, கூடாரம் அடிச்சு, நாடு பூராவும் சுத்தினார். அப்புறம் 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார். அந்த ரோட்டுக்கே இன்னிக்கும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு.

அப்போ வந்ததெல்லாம் ஊமைப் படம். காட்சிக்கு நடுவுல எழுத்து அட்டை வரும். தென்னாட்டின் முதல் கதைப்படம்னு சொல்லப்படற நடராஜ முதலியாரின் கீசக வதத்துலயும் தமிழ், இந்தி, ஆங்கிலம்னு மூணு மொழியில அட்டை இருந்தது. ஆனா கொட்டகையில உக்காந்திருந்தவங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான். அதனால திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு, அட்டையில வர்றதை உரக்கப் படிச்சு, கதையையும் விளக்கிச் சொல்லுவார்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. படம் பேசவே தெரியாத காலத்துலயே, கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கு விளங்குதான்னு பாக்கறதுக்கு ஒரு ஆள் இருந்திருக்கார். அதுதான் அவரோட வேலையே.

காக்காய் விரட்டினவர்

1931 அக்டோபர் 31-ஆம் தேதி காளிதாஸ் வந்தது. தமிழின் முதல் பேசும் படம்னு அதைத்தான் சொல்றோம். எச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடிச்ச படம். வேடிக்கை என்னன்னா அதுல கதாநாயகி பேசினது தமிழ், கதாநாயகன் பேசினது தெலுங்கு, இன்னும் சிலர் இந்தி. ஆக, நம்ம முதல் பேசும் படத்துலயே பாதி வசனம் நம்ம ஆளுங்களுக்குப் புரிஞ்சிருக்காது. இருந்தாலும் திரையில இருக்கற பொம்பளை தமிழ் பேசுது, பாடுதுங்கறதுக்காகவே கூட்டம் அலைமோதிச்சு.

அன்னிக்குக் குரலைத் தனியாப் பதிஞ்சு பின்னாடி ஒட்டற வசதி கிடையாது. நடிக்கறப்பவே பேசணும், நடிக்கறப்பவே பாடணும். வெளிச்சத்துக்கு வெயிலை நம்பி இருந்ததால, பல காட்சிகள் திறந்த வெளியிலதான் எடுக்கப்பட்டுச்சு. 1934-ல பவளக்கொடி எடுத்த அடையாறு ஸ்டுடியோவுல, சாப்பாட்டு எலைக்கு வர்ற காக்காய்க் கூட்டம் கத்தி, ஒலிப்பதிவைக் கெடுத்துக்கிட்டே இருந்ததாம். அதை விரட்ட ஒருத்தரைத் துப்பாக்கியோட வேலைக்கு வச்சிருந்தாங்கன்னு சினிமா வரலாறு எழுதின ராண்டார் கை சொல்லியிருக்கார்.

கம்பங்காட்டுல பரண் மேல உக்காந்து டின் தட்டிக் குருவி ஓட்டின எங்களுக்கு அந்த உத்தியோகம் நல்லாவே புரியும். குருவி ஓட்டலைன்னா கருதுல மணி மிஞ்சாது. காக்காய் ஓட்டலைன்னா படத்துல சொல் மிஞ்சாது.

பேச்சே பயிரா விளைஞ்ச காலம்

அந்தக் கால நடிகர்கள் முக்காவாசிப் பேர் நாடகக் கம்பெனியில இருந்து வந்தவங்க. பாய்ஸ் கம்பெனின்னு சொல்லுவாங்க. சின்னப் பையன்லயே சேத்துவிட்டுருவாங்க. பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர். ராதா எல்லாம் அந்த வழியில வந்தவங்கதான். மைக் இல்லாத மேடையில, கடைசி பெஞ்சுக்காரனுக்கும் கேக்கற மாதிரி பேசினாத்தான் அங்க சோறு. ஒவ்வொரு எழுத்தும் பல்லுல பட்டு வெளிய வரணும்னு அடிச்சுச் சொல்லிக்குடுத்திருப்பாங்க.

அப்படிப்பட்ட தொண்டைக்கு ஏத்த எழுத்தும் வந்தது. 1937-ல அம்பிகாபதிக்கு இளங்கோவன் வசனம் எழுதினார். படத்துக்கு வசனம் எழுதறவர்னு ஒருத்தர் இருக்கார்ங்கறதே அதுக்கப்புறந்தான் ஜனங்களுக்குத் தெரிஞ்சது. 1949-ல அண்ணாவின் வேலைக்காரி. 1952 தீபாவளிக்குக் கலைஞர் வசனத்துல பராசக்தி. படத்தோட வசனம் புத்தகமா வந்தது, இசைத்தட்டா வந்தது. ஊர்ல எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச ஒரு பையன் வாசிப்பான், பத்துப் பேர் சுத்தி உக்காந்து கேப்பாங்க. வசனம் அன்னிக்கு அரசியல், அதையே பொழுதுபோக்காவும் கேட்டாங்க. அது ஜனங்க காதுல விழலைன்னா படம் எடுத்ததுக்கே அர்த்தமில்லை. அதனால எழுதறவர்ல இருந்து கொட்டகைக்காரர் வரைக்கும் எல்லாருமே பேச்சுக்குக் காவல் இருந்தாங்க.

கருவியும் அதுக்குத் தோதா இருந்தது. ஃபிலிம் சுருளோட ஓரத்துல ஒலி ஒரு மெல்லிய கோடாப் பதிஞ்சிருக்கும். அதுக்குள்ள ஒரு விளக்கு வெளிச்சம் பாயும், அந்தப் பக்கம் ஒரு ஒளிமின்கலம் அதை மின்சாரமா மாத்தும். மொத்தம் ஒரே ஒரு வாய்க்கால்தான். குரல், வீணை, இடி, குதிரைக் குளம்பு எல்லாம் அந்த ஒரே வாய்க்கால்ல, திரைக்குப் பின்னால இருந்த ஒலிபெருக்கி வழியாத்தான் வரணும். ஒரே வாய்க்கால்னா என்ன பண்ணுவோம்? முறை வைப்போம். எங்க கீழ்பவானியில ஒத்தைப்படை மதகுக்கு ஒரு போகம், ரெட்டைப்படை மதகுக்கு ஒரு போகம். அங்கயும் அப்படித்தான். பேச்சு வர்றப்போ இசை மடையைச் சாத்திருவாங்க. பேச்சு முடிஞ்சதும் திறப்பாங்க. பழைய படத்தைக் கவனிச்சுக் கேட்டா இது நல்லாவே தெரியும்.

இன்னொண்ணும் உண்டு. 1938-ல அமெரிக்காவுல தியேட்டர் ஒலிக்குன்னு ஒரு பொது அளவு வகுத்தாங்க. ஃபிலிமோட கொரகொரப்பு கேக்கக் கூடாதுன்னு, உச்ச சுருதி ஒலியை வடிகட்டற ஏற்பாடு அது. அதனால இசையோட ஜிலுஜிலுப்பு போச்சு. ஆனா மனுசக் குரல் நிக்கற நடுப்பகுதி மட்டும் எங்க போனாலும் ஓரளவு ஒரே மாதிரி கேட்டது.

கூடாரத்துல எதிரொலி இல்லை

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு டெண்டு கொட்டாய் இருந்தது. மணல் தரை, பெஞ்சு, பின்னால கொஞ்சம் நாற்காலி. சுத்தியும் கீத்து. இப்ப யோசிச்சா, பேச்சு கேக்கறதுக்கு அதை விடத் தோதான எடம் கிடைக்காது. மணலும் ஓலையும் துணியும் சத்தத்தைக் குடிச்சிரும், திருப்பி அடிக்காது. சொல்லு ஒரு தடவை வரும், அதோட முடிஞ்சது. கல்யாண மண்டபத்துல மைக் புடிச்சு மொய் வாசிக்கறாங்களே, அது ஏன் விளங்கறதில்லை? வழுவழு சுவர்ல பட்டு, ஒரே சொல்லு நாலு தடவை திரும்பி வருது. அந்தத் தொல்லை கொட்டாய்ல இல்லை.

இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. சத்தம் கொஞ்சம் குறைஞ்சாப் போதும், மணல்ல உக்காந்திருக்கறவன் விசிலடிச்சு "யேய் ஆப்பரேட்டரு, சவுண்டு வைய்யா"ன்னு கத்துவான். உள்ள இருக்கறவருக்குக் கேட்டுரும். உடனே ஏறும். பாக்கறவனுக்கும் காட்டறவனுக்கும் நடுவுல ஒரு ஓட்டைதான் தூரம்.

ராத்திரி ரெண்டாவது ஆட்டம் ஓடறப்போ, தண்ணி பாய்ச்சிக்கிட்டு வரப்புல நிக்கற ஆளுக்கு வசனம் காத்துல வரும். டிக்கெட் வாங்காமயே எங்க அப்புச்சி பல படத்தை முழுசாக் கேட்டிருக்கார். படத்தைப் பாக்காம, கேட்டே கதை சொல்லுவார்.

அது அவர் ஒருத்தர் கதை மட்டுமில்லை. ரேடியோவுல ஒலிச்சித்திரம்னு ரெண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாச் சுருக்கிப் போடுவாங்க. படமே இல்லாம, வெறும் ஒலியில கதை முழுசா விளங்கும். திருவிளையாடல்ல தருமியா நாகேஷ் பொலம்பற காட்சியைப் போடாத கோயில் நோம்பி எங்க பக்கம் இல்லை. 1984-ல விதி வந்தப்போ, அந்தக் கோர்ட் வசன கேசட்டை டீக்கடையில, கல்யாண வீட்டுல, காது குத்துலன்னு தேயத் தேயப் போட்டாங்க. ஆரூர்தாஸ் எழுதினது. இன்னிக்கு வர்ற படத்தோட ஒலியை மட்டும் டீக்கடையில போட்டா, என்ன படம்னாவது சொல்ல முடியுமான்னு பாருங்க.

கேமரா எங்க காட்டுக்கு வந்தது

1977-ல பதினாறு வயதினிலே வந்ததும் சினிமா ஸ்டுடியோவை விட்டு வெளிய இறங்கிருச்சு. நிஜக் கிராமம், நிஜ ஆத்தங்கரை. எங்க பேச்சு முதல் தடவையா திரையில கேட்டது. அதைக் குறைன்னு சொல்ல மாட்டேன். தூயதமிழ் அடுக்கு வசனத்தைக் கேட்டுக் கேட்டு வளந்த எங்களுக்கு, நம்மள மாதிரியே ஒருத்தன் இழுத்து இழுத்துப் பேசறதைக் கேட்டப்போ உடம்பு சிலிர்த்தது.

வெளிய படம் புடிக்கக் கையோட தூக்கிட்டுப் போற கேமரா, தையல் மிஷின் மாதிரி தடதடன்னு ஓடும். அந்தச் சத்தத்துல குரலைப் பதிய முடியாது. அதனால படம் எடுத்து முடிச்சு, சென்னையில இருட்டு ரூமுல மைக் முன்னாடி நின்னு, உதட்டசைவுக்கு ஏத்த மாதிரி திரும்பப் பேசினாங்க. அதுதான் டப்பிங். இயற்கையா இல்லைன்னு அதைக் குறை சொல்றவங்க உண்டு. ஆனா குரல் மட்டும் சுத்தமா, வாய்க்குப் பக்கத்துல இருந்தே வந்தது. எழுபது எண்பதுகள்ல பேச்சு நடை மாறினாலும் விளங்காமப் போகாததுக்கு அது ஒரு பெரிய காரணம்.

எண்பதுகளோட பின்பாதியில மெதுவாப் பேசற நடையும் வந்தது. மௌன ராகம், நாயகன் காலம். ஒத்தை வார்த்தையில கேள்வி, ஒத்தை வார்த்தையில பதில். மேடைக் குரல் போய், பக்கத்துல உக்காந்து பேசற குரல் வந்தது. வாழ்க்கையில அப்படித்தானே பேசறோம்? கலைக்கு அது நல்லதுதான். ஆனா ஒண்ணு கவனிக்கணும். நாடகத் தொண்டைங்கற காவல்காரர் அன்னிக்கு வேலையை விட்டுப் போயிட்டார்.

வாய்க்கால் அஞ்சாச்சு, ஆறாச்சு

1986-ல மாவீரன் 70 எம்.எம்.ல வந்தது. 1995-ல குருதிப்புனல் டால்பி முறையில. 1996-ல கருப்பு ரோஜா டி.டி.எஸ். 2012 கடைசியில சிவாஜி படம் முப்பரிமாணத்துல, டால்பி அட்மாஸ் ஒலியோட திரும்ப வந்தது. ஒத்தை வாய்க்கால் போய் இடது, நடு, வலது, பக்கவாட்டு, அடித்தொண்டை இடிக்குன்னு தனி வாய்க்கால், கடைசியில கூரை மேலயும் ஒலிபெருக்கின்னு ஆச்சு.

நியாயமாப் பாத்தா இதுல பேச்சுக்கு லாபம்தான் வந்திருக்கணும். ஏன்னா நடு ஒலிபெருக்கியைப் பெரும்பாலும் வசனத்துக்குன்னே வச்சாங்க. ஆனா முறை வைக்கற பழக்கம் போயிருச்சு. தனித்தனி வாய்க்கால் இருக்கேன்னு எல்லா மதகையும் ஒரே நேரத்துல திறந்தாங்க. பேச்சு ஓடறப்பவே கீழ ட்ரம்ஸ், மேல மழை, பக்கத்துல ஹெலிகாப்டர். முன்னெல்லாம் ஃபிலிம் தாங்காதுன்னு ஒரு எல்லை இருந்தது. டிஜிட்டல்ல மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு வேணாலும் வைக்கலாம்னு ஆச்சு.

படத்தை ஒலி கலக்கற அறையில ஒரு அளவு உண்டு. தியேட்டர் கருவியில 7-ங்கற எண்ணுல வச்சா, ஒலி 85 டெசிபெல்னு கணக்குப் பண்ணித் திரைக்குப் பின்னால இருக்கற முக்கிய ஒலிபெருக்கிகளைச் சரி பண்ணி வச்சிருப்பாங்க. அந்த 7-ல வச்சுக் கேட்டுத்தான் இயக்குநரும் ஒலிப் பொறியாளரும் திருப்திப்படறாங்க. ஆனா தியேட்டர்ல அந்த 7 பல நேரம் இருக்கறதில்லை. சண்டைக் காட்சியில காது வலிக்குதுன்னு ஜனங்க சொன்னா, தியேட்டர்காரர் 5-க்கு இறக்கி வைக்கறார். சண்டை அடங்கும், கூடவே பேச்சும் முழுகும். தியேட்டர்ல குறைக்கறாங்களேன்னு அடுத்த படத்தை இன்னும் சத்தமாக் கலக்கறாங்க. அதுக்காக இவங்க இன்னும் குறைக்கறாங்க. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் போட்டி போட்டு மண்ணு வெட்டற கதை இது. 2024-ல கங்குவா வந்தப்போ சத்தம் தாங்கலைன்னு ஊரே பேசி, ரெண்டு பாயின்ட் குறைச்சு வைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்டக் கேட்டுக்க வேண்டியதாச்சு.

சின்ன ஊர் தியேட்டர்ல இதுக்கு மேலயும் உண்டு. திரையில ஊசிக்கண்ணு மாதிரி ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் நடு ஒலிபெருக்கிச் சத்தம் வெளிய வரணும். வருசக்கணக்குல தூசி அடைச்சா கூர்மையான ஒலி மங்கிரும். நடு ஒலிபெருக்கியில மேல் சுருதி பாகம் எரிஞ்சு போனாலும் சட்டுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா பாட்டும் இடியும் பக்கத்துல இருக்கறதுல இருந்து ஜோரா வந்துக்கிட்டேதான் இருக்கும். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டுக் கத்தலாம்னா அந்த ரூமுல ஆளே இருக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் தானா ஓட்டிக்கும்.

இதுக்கு நடுவுல படப்பிடிப்பிலேயே குரலைப் பதியற பழைய முறையும் புதுக் கருவியோட திரும்பி வந்தது. இந்தியில 2001-ல லகான், தமிழ்ல 2004-ல விருமாண்டி. நடிப்புக்கு அது உயிர் குடுக்குது. கோபிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தா, சுத்துப்பட்டு மோட்டாரை எல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி ஆள் வருவாங்க. தொண்ணூறு வருசம் கழிச்சு மறுபடியும் காக்காய் ஓட்டற வேலை வந்திருச்சு. நல்லா ஓட்டினா அருமையா வருது. ஓட்டாம விட்டு, நடிகரும் வாய்க்குள்ளயே பேசினா, பின்னால எந்தக் கருவியாலயும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

இது நம்ம ஊர் நோய் மட்டுமில்லை. கிறிஸ்டோபர் நோலன் டப்பிங்கை முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கறவர். 2014-ல இன்டர்ஸ்டெல்லர், 2020-ல டெனெட் வந்தப்போ, ஆங்கிலமே தாய்மொழியா இருக்கறவங்க வசனம் கேக்கலைன்னு கொதிச்சாங்க.

உயிர் கேக்குது, மெய் போகுது

கேக்குது ஆனா விளங்கலைங்கறதுக்கு என்ன அர்த்தம்? நம்ம இலக்கணத்துலயே இதுக்குப் பதில் இருக்கு. அ, ஆ, இ, ஈங்கற உயிரெழுத்துக்குத்தான் சத்தத்துல பலம். அது கீழ்ச் சுருதியில உருண்டு வரும், தூரம் போகும். க், ச், ட், த், ப்ங்கற மெய்யெழுத்து ஒரு நொடிக்கும் கம்மியான சின்ன வெடிப்பு. அதுல பலதோட அடையாளம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கு. பட்டம், கட்டம், சட்டம், மட்டம், வட்டம், நட்டம். இந்த ஆறுக்கும் உயிர் ஒண்ணேதான், முதல் மெய் மட்டும்தான் வேற. அந்த முதல் வெடிப்பைப் பின்னணி இசை மூடிட்டா, "அட்டம்"னு ஏதோ சொன்னான்கறது மட்டும் கேக்கும். என்ன சொன்னான்னு தெரியாது.

வயசானா முதல்ல மங்கறது அந்த மேல் சுருதிதான். அதோட டிராக்டர், கதிரடிக்கற மிஷின், ஆயில் இன்ஜின் பக்கத்துலயே வாழ்நாளெல்லாம் நின்னவங்க காது இன்னும் சீக்கிரம் மங்கும். ஆக, எங்க ஊர்ப் பெருசுங்க சொல்றதுல பாதி உண்மை. காது கொஞ்சம் தேஞ்சிருக்கு. மீதிப் பாதியை யாரும் அவங்ககிட்டச் சொல்றதில்லை. தேஞ்ச காதுக்கும் கேக்கற மாதிரி பேச்சைக் குடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, அது போயிடுச்சுங்கறதை.

வீட்டுக்குள்ள

வீட்டு டிவியில கதை இன்னும் மோசம். பழைய பெட்டி டிவியில ஒலிபெருக்கி முன்பக்கம், நம்ம மூஞ்சியைப் பாத்து இருக்கும். மரப்பெட்டிக்குள்ள இருந்து குரல் கணீர்னு வரும். 2006-க்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த 14 அங்குல இலவச டிவியில கூட செய்தி வாசிக்கறது தெளிவாக் கேட்டது. இப்ப டிவி செல்போன் மாதிரி மெலிஞ்சிருச்சு. ஒலிபெருக்கிக்கு எடமில்லாம அதைக் கீழ்ப் பக்கமோ பின் பக்கமோ திருப்பி வச்சுட்டாங்க. குரல் தரையையும் சுவத்தையும் பாத்துப் பேசுது. நம்ம வீட்டுல சிமெண்டுத் தரை, மொட்டைச் சுவரு, தலைக்கு மேல காத்தாடி. கொட்டாய்ல இல்லாத எதிரொலி எல்லாம் இங்க உண்டு.

தியேட்டருக்குன்னு ஆறு வாய்க்கால்ல விட்ட தண்ணியை இங்க ரெண்டுக்குள்ள அடக்கணும். நடு வாய்க்கால் பேச்சைப் பிரிச்சு, ரெண்டு பக்கத்து இசையோட கலந்து விடறாங்க. அப்புறம் எது பேச்சு, எது இசைன்னு பிரிக்கற வேலை நம்ம தலையில.

எங்க அம்மாயிக்கு எண்பதைத் தாண்டிருச்சு. சாயங்காலமானா டிவி முன்னாடி உக்காந்துக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏங்கண்ணு, அவன் என்னன்னு சொல்றான்?"னு கேக்கும். பேரன் பேத்திங்க ஒரு தடவை சொல்லுவாங்க, ரெண்டு தடவை சொல்லுவாங்க, மூணாவது தடவை "சும்மா பாரு அம்மாயி"ம்பாங்க. அதுக்கப்புறம் அது கேக்கறதை விட்டுருச்சு. எல்லாரும் சிரிக்கறப்போ தானும் சிரிக்குது. எதுக்குச் சிரிக்கறோம்னு தெரியாமச் சிரிக்கறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கறப்போ மனசு ஒரு மாதிரி ஆகிடுதுங்க. வசனம் விளங்கலைன்னா போறது படம் மட்டுமில்லை. வீட்டுல எல்லாரும் சேந்து உக்காந்திருக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல இருந்து ஒரு ஆள் தனியாப் போயிடறாங்க.

எழுத்தைப் போடலாமேன்னு நீங்க சொல்லலாம். போட்டுப் பாத்தேன். ஆங்கிலம் வந்துச்சு. எங்க அம்மாயி அந்தக் காலத்து அஞ்சாங் கிளாஸ், தினசரி பேப்பர் படிக்கும். தமிழ்ப் படத்துக்குக் கீழ தமிழ் எழுத்து வர்றது அபூர்வம். தமிழ் தெரியாதவங்களுக்கு ஏற்பாடு இருக்கு. தமிழ் தெரிஞ்சு, காது மங்கின ஆளுக்குத்தான் ஏற்பாடு இல்லை.

இது புதுசாக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. பாட்டு எந்த மொழியில இருக்கோ அதே மொழியில கீழ வரிகளைப் போடலாம்னு, 1990-கள்லயே அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்துல பிரிஜ் கோத்தாரி ஆரம்பிச்சு, தூர்தர்ஷன்ல ஓடியிருக்கு. அது எழுத்தறிவுக்காகச் செஞ்சது. காதுக்கும் உதவும். 2023-ல பதான் படத்துக்குக் காது கேளாதவங்களுக்கான எழுத்தும், பார்வையில்லாதவங்களுக்கான ஒலி விளக்கமும் சேக்கணும்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2024 மார்ச்சுல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர் படங்களுக்கே அந்த மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டிருக்கு. காகிதத்துல மதகு திறந்தாச்சு. தண்ணி இன்னும் இந்தப் பக்கம் வரலை.

காவல் யாரு?

மேல நடந்து பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது இதுதான். தண்ணியை யாரும் திருடலை. ஒவ்வொரு காலத்துலயும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. பேச்சு இயல்பாச்சு, ஒலி அகலமாச்சு, டிவி மெலிசாச்சு. அப்படி ஒவ்வொண்ணு வர்றப்பவும் பேச்சுக்குக் காவல் இருந்த ஒருத்தர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். அட்டை படிச்சவர், காக்காய் ஓட்டினவர், நாடகத்துல பழகின நடிகர், இசை மடையைச் சாத்தினவர், கூப்பிட்டா ஏன்னு கேட்ட ஆப்பரேட்டர். அத்தனை பேர் வேலையும் இப்ப கேக்கறவன் காது மேல ஏறியிருக்கு. தாங்கலைன்னா, காது போச்சுங்கறான்.

பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ, அப்பா அம்மா பாக்கற டிவியில ஒலி அமைப்பைத் திறந்து பாருங்க. பேச்சைத் தெளிவாக்கற ஒரு ஏற்பாடு பல டிவியில இருக்கு. வாய்ஸ், ஸ்பீச், டயலாக்னு ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பேர் வச்சிருப்பாங்க, அதுவும் ஆங்கிலத்துலதான் இருக்கும். அதைப் போட்டு விடுங்க. சரவுண்டுன்னு ஏதாவது இருந்தா நிறுத்திருங்க. செயலியில 5.1, ஸ்டீரியோன்னு ரெண்டு கேட்டா ஸ்டீரியோவைத் தொடுங்க. ஒரு சின்ன ஒலிபெருக்கியை அவங்க உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துல வச்சாலே பாதி விளங்கும். காதையும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஆனா டிவியைச் சரி பண்ணாம காதை மட்டும் குத்தம் சொல்லாதீங்க.

சினிமாவுல வேலை செய்யறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு. எங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி திறந்துட்டா அதிகாரிங்க அணைக்கட்டுல நின்னு அளவு சொல்லுவாங்க. நாங்க அதைக் கணக்குல எடுத்துக்கறதில்லை. கடைமடையில முழங்கால் நனைஞ்சாத்தான் தண்ணி வந்ததுன்னு சொல்லுவோம். உங்க படத்தையும் ஒலி கலக்கற அறையில மட்டும் கேக்காம, ஒரு சின்ன ஊர் தியேட்டர்லயும், சிமெண்டுத் தரை போட்ட ஒரு வீட்டுல காத்தாடி ஓடறப்பவும், எழுபது வயசு ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவங்க "என்னன்னு சொல்றான்?"னு கேக்கற எடத்தைக் குறிச்சு வச்சுக்குங்க. உடைப்பு அங்கதான் இருக்கு.